அப்டேட்: பிஎஃப் கேட்டதுக்கு சஸ்பெண்ட் பண்ணாங்கன்னு போட்டிருந்தேனே, அதுக்கு அப்புறம் நடந்தது

நிறைய பேர் கேட்டுட்டே இருக்கீங்க, அதான். புதுசா வர்றவங்களுக்கு: திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனில செக்கிங்ல இருக்கேன், சம்பளத்துல பிஎஃப் பிடிச்சிட்டு கட்டவே இல்லைன்னு பாஸ்புக்ல பாத்துட்டு கொஞ்ச பேர் கையெழுத்து போட்டு கேட்டோம், உடனே சூப்பர்வைசர்கிட்ட மரியாதையில்லாம பேசினேன்னு எனக்கு மெமோ, சஸ்பென்ஷன்.

இப்போ லேபர் ஆபீஸ்ல சமரசப் பேச்சு ஓடுது. அது நடக்கறப்பவே கூட கையெழுத்து போட்ட அக்காவை தூரத்து யூனிட்டுக்கு மாத்திட்டாங்க, என்ன தைரியம் பாருங்க. பேச்சு நடக்கும்போது அந்தப் பிரச்சினைல இருக்கறவங்க வேலை நிலைமைய பாதகமா மாத்தக்கூடாது, பழைய 1947 தொழில் தகராறு சட்டத்துல 33வது பிரிவு, அதுக்குப் பதிலா வந்த புது தொழிலாளர் சட்டத் தொகுப்புலயும் (கோட்) அது இருக்குன்னு யூனியன் அண்ணன் ஆபீசர் முன்னாடியே எடுத்து வெச்சார். மாறுதல் ரத்து. எச்ஆர் மூஞ்சிய பாக்கணுமே!

அப்புறம் சஸ்பென்ஷன்ல இருந்தா பைசா கிடையாதுன்னு கம்பெனில சொன்னாங்க, சுத்தப் பொய். தமிழ்நாட்டுல 1981லயே பிழைப்பூதியச் சட்டம் (சஸ்பென்ஷன் காலத்துல பிழைக்க குடுக்கற பணம்) போட்டாச்சு, முதல் 90 நாளைக்கு பாதி சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதுக்கு மேல முழுசும். எழுதிக் குடுத்து கேட்டப்புறம்தான் அக்கவுன்ட்ல விழுந்துச்சு, வாய்ல கேட்டவரைக்கும் காதுலயே வாங்கல.

பிஎஃப் ஆபீஸ்ல தனியா புகார் குடுத்திருக்கோம், நம்மகிட்ட பிடிச்சத கட்டாம வெச்சுக்கறது நம்பிக்கை மோசடி, கிரிமினல் குற்றம். பாக்கி கொஞ்சம் கொஞ்சமா பாஸ்புக்ல ஏறுது. அந்த மெமோ மேல கம்பெனி நடத்தற என்னோட என்கொயரி மட்டும் இன்னும் முடியல, அடுத்த வாரம் சூப்பர்வைசரை குறுக்கு விசாரணை பண்ணணும்.