கலைச்சொல் தேவை: 28 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தை

நாகர்கோவில், செவிலியர்:
அனைவருக்கும் வணக்கம். பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் தாய்மாருக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கர்ப்பத்தின் 37 வாரத்திற்கு முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. அதில் சிக்கல் இல்லை. 28 வாரத்திற்கும் முன்பே பிறந்தவர்களுக்குத் தனிச்சொல் வேண்டும். அவர்களுக்கு விழித்திரைப் பரிசோதனை பிறந்த இரண்டு, மூன்று வாரத்திலேயே நடக்க வேண்டும். இந்தப் பரிசோதனை தேவைப்படும் மற்றக் குறைமாதக் குழந்தைகளுக்கு 30 நாளுக்குள். செவித்திறன், நடை, படிப்பு எனப் பல ஆண்டுகள் கவனிக்கவும் வேண்டும். 'அதிதீவிரக் குறைமாதம்' என்றால் ஏதோ நோய் என்று அஞ்சுகிறார்கள்.

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
'அதி' வேண்டவே வேண்டாம். 'முதிராக் குழவி' எனலாம். மழவும் குழவும் இளமைப் பொருள என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். அதன் மரபியலோ மக்களுக்குக் குழவி, மகவு இரண்டையே உரிமையாக்குகிறது. பிள்ளை பறவைக்கும் மரஞ்செடி போன்றவற்றுக்கும் உரியது. தென்னம்பிள்ளை என்கிறோம் அல்லவா. இது பற்றித் தனியே எழுதுகிறேன்.

குளச்சல், பள்ளி ஆசிரியை:
ஐயா, எங்கள் ஊரில் குழவி ஆட்டுரலில்தான் கிடக்கிறது. மடியில் இருப்பது பிள்ளை. மேலும் 36 வாரத்தில் பிறந்ததும் முதிராததே. 28 என்ற எல்லை உங்கள் சொல்லில் எங்கே?

மார்த்தாண்டம், மொழிபெயர்ப்பாளர்:
'முன்பிறப்பு' என்று எழுதிப் பார்த்தேன். போன பிறவி வந்து நிற்கிறது. 'மிகைக்குறை' முரண். 'குறை' என்பதே ஊனத்தைச் சொல்லிவிடுகிறது. வசதி மிகுந்த நாடுகளில் இந்தக் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இறக்கின்றன. வறிய நாடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் சில நாளிலேயே இறக்கின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். கதகதப்பு, தாய்ப்பால், தொற்றுத் தடுப்பு, மூச்சுக்கான உதவி கிடைப்பதில்தான் இந்த வேறுபாடு. பிழைத்தவர்களில் சிலருக்கு மூளைவாதமோ பார்வைக் குறைபாடோ வருகிறது, பலருக்கு வருவதில்லை. தலையெழுத்தைப் பெயரிலேயே எழுதிவிடாதீர்கள்.

குளச்சல், பள்ளி ஆசிரியை:
அப்படியானால் 'ஆறாம் மாதப் பிள்ளை'?

நாகர்கோவில், செவிலியர்:
28 நாளை மாதமாக எண்ணினால் 28 வாரம் சரியாக ஏழு மாதம்; நாள்காட்டிப்படி ஆறரைகூட ஆகாது. ஆளுக்கொரு கணக்கு வைத்துக் கண் பரிசோதனையைத் தவறவிட்டால் பார்வையே போகலாம். '28 வாரத்திற்கு முன் பிறந்த பிள்ளை' என்றே அச்சிடுகிறேன். மூவர் தனிமடலில் சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

தக்கலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அது தொடர், கலைச்சொல் அன்று. அகராதியில் எந்த எழுத்தின் கீழ் வைப்பீர்கள்? கையேடு போகட்டும், பாடநூலுக்கு, குழவியை மகவாக மாற்றி, 'முதிரா மகவு' என்ற என் முன்மொழிவு நிற்கிறது.