சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்: சேலத்திலிருந்து சிங்கப்பூர்

கேள்வி: பள்ளிக்கூட சிநேகிதர்கள் நாலு பேர், அறுபதைத் தாண்டியாச்சு. இப்பத்தான் சிங்கப்பூர் கைகூடுது. ஒருத்தர் பாஸ்போர்ட்ல சர்நேம் காலி. டிக்கெட் எப்படிப் போடறதுங்க?

பதில்: இனிஷியலை சர்நேமாப் போட்றாதீங்க, பாஸ்போர்ட்டோட பெயர் ஒத்துப்போகாம செக்-இன்லயே நிறுத்திட வாய்ப்பிருக்கு. சில ஏர்லைன்ல பெயர், சர்நேம் ரெண்டு கட்டத்துலயும் அதே பெயரை அடிக்கணும், சிலதுல வேற முறை. அவங்க விதியைப் பார்த்துட்டுப் பணம் கட்டுங்க. பின்னாடி பெயர் திருத்தினா தண்டச்செலவு. விசா விண்ணப்பத்துல பாஸ்போர்ட்ல உள்ளபடியே. பாஸ்போர்ட் செல்லுபடி ஆறு மாசம் பாக்கி இருக்கணும்.

பதில்: திருச்சியில ஏறுங்க, நேரடி விமானம் இருக்கு. சேலத்துல இருந்து திருச்சிக்கு நாமக்கல் வழி ரோட்டுல மூணு மணி நேரம்.

பதில்: எஸ்ஜி அரைவல் கார்டு, அதாவது சிங்கப்பூர்ல நுழையறதுக்கு ஆன்லைன்ல நிரப்புற படிவம், இலவசம். இறங்குறதுக்கு முன்னாடியே, இறங்குற நாளையும் சேர்த்து மூணு நாளைக்குள்ள போடணும். காசு கேட்டா அது அரசு சைட் இல்லைங்க. பெட்டியில கசகசா வேண்டாம், அங்க தடை.