பெயர் பெற்ற பேராசிரியரா, இளம் உதவிப் பேராசிரியரா? யாரை பிஎச்.டி. கைடாக (ஆய்வு நெறியாளராக) எடுப்பது?

ஆய்வுமாணவி:
எம்.எஸ்சி. வேதியியல் முடித்து ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) வாங்கியிருக்கிறேன். பிஎச்.டி.க்கு இரண்டு பேர் எடுத்துக்கொள்ளத் தயார். ஒருவர் துறையில் எல்லோருக்கும் தெரிந்த பேராசிரியர், ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம். இன்னொருவர் உதவிப் பேராசிரியர், அவருக்கு நான் இரண்டாவது ஸ்காலர். யாரிடம் சேரலாம்?

கொங்குத்தமிழன்:
யோசிக்கவே வேண்டாம், பேராசிரியர்தான். நாளைக்கு போஸ்ட் டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) போகும்போது அவர் கடிதத்துக்கு இருக்கிற மதிப்பே வேறு. லேபில் கருவிகள் இருக்கும், ப்ராஜெக்ட் பணம் இருக்கும். புது ஆளிடம் சேர்ந்தால் ஒரு என்.எம்.ஆர். (மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சோதனை) எடுக்கக்கூட வெளியே சாம்பிள் அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

மழைக்காதலி:
ஓய்வு விஷயத்தை அப்படியே தாண்டிப் போகிறீர்களே சார். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி ஓய்வுக்கு மூன்று வருஷத்துக்கும் குறைவாக இருப்பவர்தான் புது ஆளை எடுக்கக்கூடாது, அதனால் இவர் எடுக்கலாம், சரி. ஆனால் லேபில் செய்கிற பிஎச்.டி. நாலு வருஷத்தில் முடிவது ரொம்ப அபூர்வம். ஓய்வுக்குப் பிறகு 70 வயது வரை இணை நெறியாளராக இருக்கலாம், ஆனால் லேப் அவர் கையில் இருக்காது. என் கைடு ஓய்வு பெற்றபோது எனக்கு இரண்டு அத்தியாயம் பாக்கி, புதிதாக வந்தவருக்கு என் தலைப்பில் ஆர்வமே இல்லை, ஒரு சினாப்சிஸில் (ஆய்வேட்டின் சுருக்கம்) கையெழுத்து வாங்க மாதக்கணக்கில் அலைந்தேன். ஜே.ஆர்.எஃப்., அதற்கு அடுத்த கட்டமான எஸ்.ஆர்.எஃப். சேர்த்து ஐந்து வருஷம்தான் பணம் வரும் தங்கச்சி, அதற்கு மேல் இழுத்தால் கைக்காசுதான்.

கொங்குத்தமிழன்:
உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் இளம் கைடு மட்டும் அங்கேயே இருப்பார் என்று என்ன உறுதி? நல்ல ஆளாக இருந்தால் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார், அப்போதும் இதே அலைச்சல்தான்.

நெல்லைச்சீமை:
இரண்டு பேரும் பதவியை வைத்தே பேசுகிறீர்கள். ஷோத்கங்காவில் (இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியம்) கைடு பெயரைப் போட்டுத் தேடுங்கள், ஒவ்வொரு ஆய்வேட்டின் பக்கத்திலும் பதிவு செய்த தேதியும் முடித்த தேதியும் இருக்கும் (சிலவற்றில் காலியாக விட்டிருப்பார்கள்). எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை வருஷத்தில் முடித்தார்கள் என்பது தெரிந்துவிடும். இப்போதுதான் இரண்டாவது ஸ்காலரை எடுக்கும் உதவிப் பேராசிரியரைப் பற்றி இதில் ஒன்றும் கிடைக்காது, அவருடைய முதல் ஸ்காலரிடம் பேசுங்கள்: எழுதிக் கொடுத்ததை எப்போது திருத்தித் தருகிறார், பேப்பரில் முதல் பெயர் யாருக்கு?

மழைக்காதலி:
பாதியில் விட்டுப் போனவர்கள் ஷோத்கங்காவில் வரவே மாட்டார்கள். பேராசிரியரிடமிருந்து விலகிய ஒருவரையாவது தேடிப் பிடித்துக் கேள், இப்போது லேபில் இருப்பவர்கள் பயத்தில் நல்லபடியாகத்தான் சொல்வார்கள்.

கொங்குத்தமிழன்:
விலகியவர்கள் சொல்வதும் ஒரு பக்கக் கதைதானே? லேபில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும், அது போதும்.

ஆய்வுமாணவி:
இன்று விசாரித்தேன். பேராசிரியரிடம் இப்போதே ஏழு பேர், ஒரு பேராசிரியருக்கு ஒரே சமயத்தில் உச்சவரம்பு எட்டு ஸ்காலர்தான். அதில் இரண்டு பேர் ஆறாவது வருஷம். நாளை உதவிப் பேராசிரியரின் ஸ்காலரைப் பார்க்கிறேன், என்.எம்.ஆருக்கு எங்கே அனுப்புகிறார்கள், யார் பணம் கட்டுகிறார்கள் என்பதைத்தான் முதலில் கேட்கப் போகிறேன்.