வீட்டுக்கும் சின்னக் கச்சேரிக்கும் பேஸ் ஆம்ப்: 20,000 ரூபாய்க்குள், ஸ்கூட்டரில் ஏற வேண்டும்

குகை நாலுகம்பி:
வணக்கம். சேலம் குகையில் இருக்கிறேன். இரண்டு வருஷமாக நாலு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். இதுவரை நண்பனின் 15 வாட்ஸ் கிட்டார் ஆம்பை இரவல் வாங்கித்தான் ஓட்டினேன். போன வாரத்திலிருந்து தடித்த இ ஸ்ட்ரிங்கைத் தட்டினால் ‘பர்ர்ர்’ என்று காகிதம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மெல்லிய ஜி ஸ்ட்ரிங் சுத்தமாக வருகிறது. வால்யூமைக் குறைத்துப் பார்த்தேன், போகவில்லை.

இனி சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். வீட்டில் பயிற்சிக்கு வேண்டும். பக்கத்து வீட்டில் விசைத்தறி. அது ஓடும் வரை நான் என்ன வாசித்தாலும் யாருக்கும் கேட்காது, நின்றதும் தெருவுக்கே கேட்கும். அப்புறம் மாதம் இரண்டு தடவை ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் வாசிக்கிறோம். பாடுகிற அக்கா, அக்கூஸ்டிக் கிட்டார், கஹோன் (உட்கார்ந்து கையால் தட்டும் மரப்பெட்டி), நான். புல்வெளியில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். டிசம்பரில் சர்ச்சில் முழு ட்ரம்ஸோடு ஒரு நாள்.

கார் கிடையாது. ஸ்கூட்டரில் காலடியில் ஆம்ப், முதுகில் பேஸ், 20 கொண்டை ஊசி வளைவு. கடையில் கேட்டால் “100 வாட்ஸ் எடுங்க தம்பி, அப்புறம் வருத்தப்படாதீங்க” என்கிறார்கள். கஹோன் வாசிக்கிறவன் 25 போதும் என்கிறான். யாரை நம்புவது?

ஓரமாக நிற்பவன்:
தம்பி, புது ஆம்ப் பேச்சு இருக்கட்டும். அந்த ‘பர்ர்ர்’ எங்கிருந்து வருகிறது என்று பார். ஆம்பில் ஹெட்ஃபோன் மாட்டி அதே இ ஸ்ட்ரிங்கை வாசி. ஹெட்ஃபோனிலும் வந்தால் பேஸிலோ சர்க்யூட்டிலோ கோளாறு. வராவிட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது.

குகை நாலுகம்பி:
ஹெட்ஃபோனில் சுத்தமாக இருக்கிறது அண்ணா. டார்ச் அடித்து வலை வழியாகப் பார்த்தேன். கோனின் (ஸ்பீக்கரின் கூம்புத் தாள்) ஓரத்தில் அரை விரல் நீளத்துக்குக் கிழிசல். நண்பனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஓரமாக நிற்பவன்:
சொல்லிவிடு. ஸ்பீக்கருக்குப் பின்னால் எத்தனை ஓம் (மின்தடை அளவு) என்று எழுதியிருக்கும். அதே ஓம், அதே இன்ச்சில் வேறு வாங்கி மாட்டலாம், பெரிய செலவு இல்லை.

ஏன் கிழிந்தது என்றும் தெரிந்துகொள். கிட்டாரின் இ ஸ்ட்ரிங் சுமார் 82 ஹெர்ட்ஸ். உன் பேஸின் இ அதற்கு ஒரு ஸ்தாயி கீழே, சுமார் 41. அவ்வளவு கீழே அதே சத்தம் வர வேண்டுமானால் கோன் பல மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். கிட்டார் ஸ்பீக்கரை அதற்காகச் செய்வதில்லை. மெதுவாக வாசித்தால் தாங்கும். கஹோனுக்குப் போட்டியாக வால்யூமைத் திருகியிருப்பாய்.

இப்போது வாட்ஸ். வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது, 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்றவே ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதனால் 25, 40 என்று எண்ணை மட்டும் பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ளாதே. ஸ்பீக்கர் எத்தனை இன்ச், பின்னால் எக்ஸ்எல்ஆர் லைன் அவுட் (மிக்ஸருக்கு நேராகக் கேபிள் கொடுக்கிற ஓட்டை) இருக்கிறதா, இந்த இரண்டையும் பார். ஃபெண்டர் கம்பெனியின் ரம்பிள் 25 என்ற பேஸ் ஆம்பில் (பெயரில் உள்ள எண்தான் வாட்ஸ்) 8 இன்ச் ஸ்பீக்கர், எக்ஸ்எல்ஆர் கிடையாது. ரம்பிள் 40ல் 10 இன்ச், எக்ஸ்எல்ஆர் உண்டு, எடை 8 கிலோவுக்குச் சற்று மேல். உன் ஸ்கூட்டருக்கு அதுதான். புதுசு உன் பட்ஜெட்டைத் தாண்டும், பழசாகத் தேடு.

பெரிய சவுண்டு:
எனக்கு இதில் உடன்பாடில்லை. ரம்பிள் 100ல் 12 இன்ச் ஸ்பீக்கர், எடை சுமார் 10 கிலோதான். ரெண்டு கிலோவுக்கு யோசிப்பானேன்? நாலு மாதம் பொறுத்துப் பணம் சேர்த்து அதையே வாங்குங்கள். முழு ட்ரம்ஸுக்கு முன்னால் 40 வாட்ஸ் காணாமல் போகும்.

மைக்செட் மாமா:
ட்ரம்ஸுக்கு 40 பத்தாது என்பது உண்மை. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் சர்ச்சுக்காக நாலு மாதம் சும்மா உட்காருவதா? சர்ச்சில் மிக்ஸரும் பெரிய பாக்ஸும் இருக்கும். எக்ஸ்எல்ஆரிலிருந்து ஒரு கேபிள் கொடுத்தால் கூட்டத்துக்கு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். உன் ஆம்ப் உன் காதுக்கு மட்டும்.

ஒரு விஷயம், இதில் நிறையப் பையன்கள் மாட்டுகிறார்கள். லைன் அவுட் இல்லாத ஆம்பில் ஹெட்ஃபோன் ஓட்டையிலிருந்து மிக்ஸருக்கு ஸ்டீரியோ கேபிள் இழுப்பார்கள். சத்தமே வராது, அல்லது ஈனமாக வரும். உடனே “மாமா, உங்க மிக்ஸர் ரிப்பேர்” என்பார்கள். ஹெட்ஃபோன் பிளக்கின் முனையிலும் வளையத்திலும் ஒரே சிக்னல் வருகிறது. மிக்ஸரின் பேலன்ஸ்டு இன்புட் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். ஒரே எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் என்ன மிஞ்சும்? லைன் அவுட் இல்லாத ஆம்ப்தான் கிடைத்தது என்றால் தனியாக ஒரு டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்னப் பெட்டி) வாங்கி, பேஸை முதலில் அதில் சொருகு.

மிக்ஸரில் மாட்டியதும் ‘ங்ங்ங்’ என்று இரைந்தால் ஆம்பையும் மிக்ஸரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடு. டிஐயில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் (சிக்னல் கேபிளின் எர்த்தை மட்டும் துண்டிப்பது) இருந்தால் அதை அழுத்திப் பார். கரண்ட் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைக்காதே. ஸ்ட்ரிங்கில் ஒரு கை, மைக்கில் உதடு என்று நிற்கிறவனுக்கு அந்தப் பின்தான் உயிர்.

காப்பித் தோட்டம்:
ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். புல்வெளி என்றதால் சொல்கிறேன், திறந்த வெளியில் பேஸ் அப்படியே கரைந்துவிடும். சுற்றிச் சுவர் இல்லை, திருப்பி அனுப்ப எதுவும் இல்லை. ஆம்பைப் புல்லின் நடுவில் வைக்காமல் வராண்டா சுவரோரம், தரையிலேயே வையுங்கள். பேஸ் தானாகக் கூடும். பனி இறங்கும் மாதங்களில் ஆம்புக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கட்டும். என் ஸ்ட்ரிங் எல்லாம் இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கிறது, அது தனிக் கதை.

ஓரமாக நிற்பவன்:
சரியாகச் சொன்னீர்கள். வீட்டில் இதற்கு நேர்மாறு தம்பி. மூலையிலிருந்து வெளியே இழுத்து ஒரு முக்காலி மேல் வை, பக்கத்து வீட்டுக்குப் போகிற குமுறல் குறையும். பேஸ் குமிழை ஏற்றாமல் மிட் குமிழை ஏற்றிப் பார். 41 ஹெர்ட்ஸ் சின்ன ஸ்பீக்கரில் சரியாக வராவிட்டாலும் அதன் இரட்டிப்பு 82, அடுத்தது 123 எல்லாம் வந்தால் போதும். அடியில் இல்லாததைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். ஸ்பீக்கரும் பிழைக்கும்.

பழசு வாங்கும்போது இ ஸ்ட்ரிங்கில் ஒவ்வொரு கட்டமாக (ஃப்ரெட்) நிதானமாக ஏறிப் பார். எந்தக் கட்டத்திலாவது கரகரத்தால் விட்டுவிடு. விலை கேட்பதற்கு முன்னால் ஸ்பீக்கர் வலையில் காதை வை. குமிழ்களைத் திருகினால் ‘கர கர’ என்றால் தூசி, அது பரவாயில்லை.

குகை நாலுகம்பி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஈரோட்டில் ஒருவரிடம் பழைய ரம்பிள் 40 கிடைத்தது, பட்ஜெட்டுக்குள். அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கட்டம் கட்டமாக ஏறினேன். பன்னிரண்டு கட்டம் முடிவதற்குள் அவரே காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டார்.

போன சனிக்கிழமை மேலே போனோம். ஸ்கூட்டரில் ரப்பர் கயிறு போட்டுக் கட்டினேன். ஏழாவது வளைவில் நிறுத்தி ஒரு தடவை இறுக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். வராண்டா சுவரோரம் வைத்ததில் வால்யூம் பாதிக்கு மேல் போகவே இல்லை. பாடுகிற அக்கா “இன்றைக்குத்தான் நீ வாசிப்பது கேட்கிறது” என்றார். பாராட்டா தெரியவில்லை. நண்பனின் ஆம்புக்கு ஸ்பீக்கர் மாற்றிக் கொடுத்துவிட்டேன். இனி இரவல் கிடையாது என்கிறான்.

மாமாவுக்கு ஒரு கேள்வி. வீட்டில் ஏ ஸ்ட்ரிங்கில் மூன்றாவது கட்டம் வாசித்தால் மட்டும் பீரோ கிணுகிணு என்கிறது. வேறு எந்தக் கட்டத்திலும் இல்லை. முக்காலியும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

மைக்செட் மாமா:
ஆம்பில் தப்பில்லை. அந்தச் சுரத்துக்கு ஆடுகிற ஏதோ ஒன்று பீரோவில் இருக்கிறது. பூட்டில் சாவிக்கொத்து தொங்கும், எடுத்துவிட்டு வாசி.

குகை நாலுகம்பி:
சாவி அம்மாவின் இடுப்பில் இருக்கிறது மாமா. இப்போதுதான் திறந்து காட்டினார். அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசு, பிஸ்கட் டப்பாவில். அதை எடுத்து மெத்தை மேல் வைத்துவிட்டுத்தான் வாசிக்க வேண்டுமாம், முடிந்ததும் எண்ணித் திருப்பி வைக்க வேண்டுமாம்.