மோதிரம் விரலில் இருக்கிறது, ஜெபம் நினைவுக்கு வருவதில்லை: நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

செந்தூல்காரன் எழுதியது:

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. சின்னக் கேள்விதான், ஆனால் கொஞ்ச நாளாகவே மனதில் கிடக்கிறது. ஜூலையில் பினாங்கு புக்கிட் மெர்தாஜம் அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனபோது கோவிலுக்கு வெளியே இருந்த கடையில் ஜெபமாலை போல எண்ணிச் சொல்ல ஓரத்தில் பத்து சின்ன மணி வைத்த மோதிரம் ஒன்று வாங்கி, ஃபாதரிடம் கொடுத்து மந்திரித்து, அதாவது ஆசீர்வதித்து வாங்கி, போட்டுக்கொண்டேன். ஆரம்பத்தில் அது விரலில் உறுத்தும்போதெல்லாம் ஒரு "அருள்நிறை மரியே" ஜெபம் தானாக வாயில் வந்தது. இப்போது கையில் மோதிரம் இருப்பதே தெரிவதில்லை. இது மட்டும் இல்லை, காரில் கண்ணாடியில் ஜெபமாலை தொங்குகிறது, பர்ஸில் அந்தோணியார் படம் இருக்கிறது, அம்மா வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த பதக்கம் கழுத்தில் இருக்கிறது. எல்லாம் இருந்தும் காலையில் எல்ஆர்டி ரயிலில் ஏறியதும் போனைத்தான் எடுக்கிறேன்.

கேட்க நினைப்பது இரண்டு. ஒன்று, வேலைக்குப் போகிறவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிற பொருள் எது, அதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்? இரண்டு, என்னோடு வேலை செய்கிற நண்பர் ஒருவர், வேறு சபையைச் சேர்ந்தவர், "இதற்கும் தாயத்துக்கும் என்ன வித்தியாசம்" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பட்டர்வொர்த் அக்கா எழுதியது:

தம்பி, கண்ணுக்குப் பழகிவிட்டால் எந்தப் பொருளும் மறைந்துவிடும், அது உங்கள் விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டு வாசலில் தீர்த்தத் தொட்டி இருக்கிறது. என் மாமியார் காலத்திலிருந்து இருப்பது. அது மட்டும் ஏன் இன்றுவரை வேலை செய்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். அதில் விரலை நனைத்துச் சிலுவை வரையாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று சின்ன வயதிலேயே பிள்ளைகளைப் பழக்கிவிட்டோம். ஆக, தொட்டியைப் பார்த்து ஜெபம் நினைவுக்கு வருவதில்லை, செருப்பு மாட்டும்போது கை தானாகத் தொட்டிக்குப் போகிறது, அப்புறம்தான் மனது போகிறது. பொருளை ஒரு செயலோடு கட்டிப்போட வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

உங்கள் மோதிரத்தை நாள் முழுக்கப் போடாதீர்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எல்ஆர்டி கதவு மூடியதும் எடுத்து விரலில் போடுங்கள், இறங்கும்போது கழற்றிப் பையில் வையுங்கள். பத்து மணி சொல்ல மூன்று நான்கு நிமிடம்தான் ஆகும். செந்தூலில் ஏறி மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்குகிறவர் என்றால் நடுவில் தித்திவங்சா, பிடபிள்யூடிசி, சுல்தான் இஸ்மாயில், பண்டாராயா என்று நான்கு நிறுத்தம் வருகிறது, அதற்குள் இரண்டு தேவரகசியம் (ஒன்றுக்குப் பத்து மணி) அவசரமில்லாமல் சொல்லிவிடலாம். முழு ஜெபமாலை சொல்லவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம், மிச்சத்தைச் சாயந்திரம் வரும்போது சொல்லிக்கொள்ளுங்கள்.

காரில் தொங்குவதையும் ஒருதரம் பாருங்கள். ரோட்டை மறைக்கிற மாதிரி ஆடிக்கொண்டிருந்தால் எடுத்துக் கியர் பக்கத்துக் கிண்ணத்தில் வைப்பது நல்லது. அங்கே இருந்தால் சாவி போடும்போது கை படும்.


பாயான் லெப்பாஸ் ஷிப்ட் எழுதியது:

அக்கா சொன்னதை அப்படியே ஆமோதிக்கிறேன். என் நிலைமை வேறு. நான் வேலை செய்வது சிப் தொழிற்சாலையில், கிளீன்ரூமில் (தூசி புகாத அறையில்). உள்ளே மோதிரம், சங்கிலி, கைச்சரடு எதுவும் போகாது. தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை. ஜெபமாலையை லாக்கரில் வைத்துவிட்டு 12 மணி நேர ஷிப்ட் போக வேண்டும். முதலில் இது எனக்குப் பெரிய குறையாக இருந்தது, ஏனென்றால் வீட்டில் அம்மா வளர்த்த முறையில் கழுத்தில் சுரூபம் இல்லாமல் வெளியே போனதே கிடையாது.

எங்கள் கோவிலில் ஒரு ஃபாதர் சொன்ன யோசனையால் வழி கிடைத்தது. உள்ளே போகுமுன் கையில் ரிஸ்ட் ஸ்ட்ராப் (நிலைமின்சாரத்தை வெளியேற்றுகிற பட்டை) மாட்டி, சோதிக்கிற பெட்டியில் விரலை வைத்துப் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டு விநாடியில் "இயேசுவே, இந்த ஷிப்ட் உம்முடையது" என்று சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்தால் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற இரக்கத்தின் ஆண்டவர் படம் தெரியும், அங்கே ஒரு பரலோக மந்திரம் ("பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" ஜெபம்). ஷிப்ட் 3 மணிக்கு ஓய்வு கொடுத்தால் இரக்கத்தின் ஜெபமாலையும் சொல்லலாம், அதைச் சாதாரண ஜெபமாலை மணியிலேயே சொல்லிவிடலாம், தனி மாலை வாங்கத் தேவையில்லை. மணி இல்லாவிட்டால் விரல்கள் பத்து இருக்கின்றனவே, கடவுள் கொடுத்தது.

ஆபீஸில் வெளியே எடுக்கக் கூச்சமாக இருக்கிறதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பலருக்கு அது இருக்கிறது. என்னோடு வேலை செய்கிற மலாய் நண்பர்கள் விரலில் மாட்டுகிற சின்ன எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஸிக்ர் சொல்கிறார்கள், அதாவது இறைவனை நினைத்துத் திரும்பத் திரும்ப ஜெபிக்கிறார்கள். அதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. நான் ஜெபமாலை எடுத்தபோது பக்கத்தில் இருந்தவர் தன் போன் சத்தத்தைக் குறைத்தார். இந்த ஊரில் ஜெபிக்கிற மனிதனுக்கு ஒரு மரியாதை இருக்கிறது என்பதை அன்று பார்த்தேன்.


மறைக்கல்வி டீச்சர் (பிரிக்ஃபீல்ட்ஸ்) எழுதியது:

தாயத்துக் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் உறுதி பூசுதல் வகுப்பில் பிள்ளைகள் வருடா வருடம் கேட்பது இதுதான், பெற்றோரும் கேட்கிறார்கள்.

திருச்சபை இந்தப் பொருள்களை அருட்கருவிகள் என்று சொல்கிறது. ஞானஸ்நானம், நற்கருணை போன்ற ஏழு அருளடையாளங்களும் வேறு, இவை வேறு. கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 1670ஆம் எண்ணில் இது தெளிவாக இருக்கிறது: அருளடையாளங்கள் தருகிற விதத்தில் இவை தூய ஆவியின் அருளைத் தருவதில்லை, திருச்சபையின் மன்றாட்டினால் அந்த அருளைப் பெறவும் அதோடு ஒத்துழைக்கவும் நம்மைத் தயார்ப்படுத்துகின்றன. உங்கள் நண்பருக்கு இதோடு 2111ஆம் எண்ணையும் காட்டுங்கள். உள்ளத்தில் இருக்க வேண்டிய மனநிலை இல்லாமல், வெளிச்செயலே பலன் தரும் என்று நினைத்தால் அது மூடநம்பிக்கை என்று திருச்சபையே சொல்கிறது. அதாவது அவர் கேட்ட கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ளும்படி நம் சபை முன்பே சொல்லி வைத்திருக்கிறது. தாயத்தைக் கட்டிக்கொண்டவர் ஒன்றும் செய்யத் தேவையில்லை, அது காக்கும் என்று கட்டுகிறார். பதக்கம் போட்டவர் ஜெபிக்க வேண்டும், மனந்திரும்ப வேண்டும், பூசைக்குப் போக வேண்டும். பதக்கம் அதைக் கேட்கிறது.

அற்புதப் பதக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1830ஆம் ஆண்டு பாரிஸில் ரூ து பாக் தெருவில் இருந்த மடத்தில் நவசந்நியாசியாக (துறவறப் பயிற்சியில்) இருந்த கத்தரீன் லபூரேக்கு மாதா காட்சி கொடுத்து அந்த வடிவத்தைக் காட்டினார், 1832இல் முதல் பதக்கங்கள் வெளிவந்தன. அதன் ஓரத்தைச் சுற்றி எழுதியிருப்பது ஒரு ஜெபம்: "ஓ பாவமின்றி உற்பவித்த மரியாயே, உம்மை அண்டி வரும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்." பதக்கத்திலேயே ஜெபம் பொறித்திருக்கிறது, படித்துச் சொல்வதற்காகத்தான். உங்கள் அம்மா கொடுத்தது வேளாங்கண்ணி மாதா பதக்கமாக இருந்தாலும் இதே வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம், சட்டைப் பொத்தான் போடும்போது பதக்கத்தைத் தொட்டு இந்த ஒரு வரியைச் சொன்னால் போதும்.

உத்தரியம் (சரட்டில் கோத்துக் கழுத்தில் அணிகிற இரண்டு சின்னத் துணித்துண்டு) பற்றி யாராவது கேட்பார்கள் என்று தெரியும், அதையும் சொல்லிவிடுகிறேன். கார்மேல் மாதாவின் பழுப்பு உத்தரியத்தை முதல் முறை குருவானவர் கையால் வாங்கி அணிய வேண்டும், அந்தச் சடங்கு வாழ்நாளில் ஒரு தடவைதான். துணி நம் ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் சீக்கிரம் நைந்துவிடும், புதியது மாற்றிக்கொள்ளலாம், திரும்பச் சடங்கு வேண்டாம். துணி ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்குப் பதில் உத்தரியப் பதக்கம் போடலாம் என்று 1910இல் புனித பத்தாம் பத்திநாதர் அனுமதி கொடுத்தார், ஒரு பக்கம் இயேசுவின் திரு இருதயமும் மறுபக்கம் மாதாவும் இருக்க வேண்டும். உத்தரியம் போட்டிருந்தால் எப்படி வாழ்ந்தாலும் பரவாயில்லை என்று சிலர் பேசுவது மனதை வருத்துகிறது. அது கார்மேல் சபையாரின் உடுப்பின் சின்ன வடிவம். உடுப்பைப் போட்டவர் அந்தச் சபையார் வாழ முயல்கிற மாதிரி கொஞ்சமாவது வாழ முயல வேண்டாமா?

வாட்ஸ்ஆப்பில் "இந்தப் படத்தை இத்தனை பேருக்கு அனுப்பினால் அற்புதம் நடக்கும்" என்று வருவதையும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். உங்கள் நண்பர் நம்மைத் தாயத்துக்காரர்கள் என்று நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.


நர்ஸ் அம்பாங் எழுதியது:

ஒரு பொருள் போதும் என்று அக்கா சொல்வதுபோலத் தெரிகிறது, அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் மாற்றுக் கருத்து. வார்டில் எங்களுக்கும் மோதிரம், கைச்சரடு கூடாது, கை கழுவினாலும் அதனடியில் கிருமி தங்கும். அதனால் ஒரு சின்னப் பதக்கத்தை யூனிபார்மின் உள்பக்கம் ஊக்கில் குத்தியிருக்கிறேன். வீட்டில் சமையலறையில் பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசு), படுக்கைப் பக்கம் ஜெபமாலை. இடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஜெபம். இரண்டு ஜெபத்தை ஒரே பொருளில் கோத்தால் எனக்கு இரண்டும் போய்விடுகிறது.

கை கழுவுவதைச் சொன்னேனே, அதுதான் எனக்குப் பெரிய ஜெப நேரம். ஒரு நாளில் எத்தனையோ தடவை கழுவுகிறோம். நோயாளியின் பெயரைச் சொல்லி "இயேசுவே, இவர் மேல் இரக்கமாயிரும்" என்று கழுவி முடிப்பேன். சீனர், மலாய்க்காரர், தமிழர், யாராக இருந்தாலும். அவர்களுக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. சில நாள் வார்டில் ஒரு மரணம் நடந்த பிறகு வாயில் ஒன்றும் வராது, அப்போது பதக்கத்தைத் துணிக்கு மேலே தொட்டுக்கொள்வேன், அதுவே என் ஜெபம் என்று ஆண்டவர் எடுத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். டீச்சர் சொன்ன மனநிலை என்பது அந்த நேரத்தில் இவ்வளவுதான் மிஞ்சுகிறது.


செந்தூல்காரன் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடி மோதிரத்தைப் பைக்கு மாற்றிவிட்டேன். போன் இருந்த பையில் மோதிரம், போன் முதுகுப் பையில், அதனால் ஏறியதும் கை பைக்குப் போனால் மோதிரம்தான் கிடைக்கிறது. நண்பருக்கு டீச்சர் சொன்ன இரண்டு எண்களையும் காட்டினேன், அவர் பொறுமையாகப் படித்துவிட்டு, "அப்படியென்றால் ஜெபிக்காமல் வெறுமனே மாட்டிக்கொள்வது உங்கள் சபைப்படியே தப்பு" என்றார். ஆமாம் என்றேன். மதியம் 12 மணிக்கு மூவேளை ஜெபம் சொல்லப் போனில் மணி வைத்திருக்கிறேன், அவருக்கும் அது கேட்கும், இப்போது அவரே "மணி அடித்துவிட்டது" என்று சொல்கிறார்.

இன்னொன்று கேட்க வேண்டும். வீட்டில் அறுந்துபோன ஜெபமாலைகள், நிறம் போன படங்கள், பழைய உத்தரியம் என்று ஒரு டப்பா நிறைய இருக்கிறது. எல்லாம் மந்திரித்தவை. குப்பையில் போட மனது வரவில்லை, என்ன செய்வது?


மறைக்கல்வி டீச்சர் (பிரிக்ஃபீல்ட்ஸ்) எழுதியது:

குப்பையில் போடக்கூடாது, நல்லவேளை கேட்டீர்கள். எரியக்கூடியதை எரித்துச் சாம்பலை மண்ணில் புதைக்க வேண்டும், எரியாததை, உலோகப் பதக்கம், கண்ணாடி மணி போன்றவற்றை, அப்படியே புதைக்கலாம். குருத்தோலை ஞாயிறு ஓலைகளை மறுவருடம் எரித்துத்தான் சாம்பல் புதனுக்குச் சாம்பல் எடுக்கிறார்கள், அதே வழக்கம்தான் இதற்கும். அடுக்குமாடியில் இருந்தால் எரிக்கவும் முடியாது, மண்ணும் இருக்காது, கோவில் அலுவலகத்தில் ஃபாதரைக் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் அறுந்த ஜெபமாலையை உடனே ஒதுக்க வேண்டாம். சங்கிலிக் கண்ணி விரிந்திருந்தால் சின்னக் குறடு போதும், மணி தொலையாமல் இருந்தால் கெட்டியான நைலான் நூலில் முடிச்சுப் போட்டுத் திரும்பக் கோத்துவிடலாம். மொத்தம் 59 மணி: ஐந்து பத்துக்கு 50, நடுவில் நான்கு, சிலுவைப் பக்கம் ஐந்து. சில மணிகள் தொலைந்துபோயிருந்தால் பத்து மணியும் ஒரு சிலுவையுமாகக் கோத்துப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள், அவர்கள் கைக்கு அந்த அளவுதான் சரி. எங்கள் வகுப்பில் அக்டோபர் மாதம் இதைச் செய்யப் போகிறோம், உங்கள் டப்பாவில் நல்ல மணிகள் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள்.


பாயான் லெப்பாஸ் ஷிப்ட் எழுதியது:

நூலில் கோப்பவர்கள் கடைசி முடிச்சின் நுனியை லைட்டரில் லேசாக உருக்கிவிடுங்கள், பையில் கிடந்தாலும் அவிழாது.