டான்சில் அறுவை சிகிச்சைக்குப் பின் இரத்தக் கசிவு: வீட்டில் எதைக் கவனிப்பது?

கேள்வி (ஆறு வயதுப் பையனின் அம்மா):
அடுத்த வாரம் மகனுக்கு டான்சிலை எடுக்கிறார்கள். பிறகு இரத்தம் வர வாய்ப்புண்டு என்று ஒப்புதல் படிவத்தில் இருந்தது. அந்த ஒரு வரிதான் மனத்தை அரிக்கிறது. அதைத் தடுக்க நான் என்ன செய்யலாம்? வந்தால் எப்படித் தெரியும்?

பதில் (இரவுப் பணிச் செவிலியர்):
காது மூக்கு தொண்டைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். முதல் 24 மணி நேரத்தில் கவனம் தேவை. ஆனால் பெற்றோர் அசந்துவிடுவது 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாள் வரை. பையன் தேறிவிட்டான் என்று நினைக்கும் அந்தச் சமயத்தில்தான் தொண்டையில் படிந்த வெள்ளைப் பொருக்கு உதிரும், அப்போது இரத்தம் கசியலாம். அந்த வெள்ளையைச் சீழ் என்று எண்ணி யாரும் சுரண்டக் கூடாது. வாய் நாற்றமும் காது வலியும் கூட வரும், பயம் வேண்டாம்.

முற்றிலும் தடுக்கும் வழி என்று ஒன்றில்லை. உங்கள் கையில் இருப்பது தண்ணீரும் வலி மருந்தும்தான். வலித்தால் குழந்தை விழுங்காது, தொண்டை வறண்டு போகும். ஆகவே அழும்வரை காத்திராமல், மருத்துவர் எழுதிய பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுங்கள். அடிக்கடி ஒரு மிடறாவது குடிக்க வையுங்கள். ஆஸ்பிரின் கூடவே கூடாது. கோடீன் என்ற வலி மருந்து கலந்த எதுவும் வேண்டாம். அது மூச்சை அடக்கிவிடக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இலேயே கடுமையாக எச்சரித்தது. ஓட்டமும் குதிப்பும் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். மருத்துவமனைக்கு எட்டாத தொலைவுக்குப் பயணமும் வேண்டாம்.

இரவில் ஒன்றைப் பாருங்கள்: தூக்கத்திலேயே திரும்பத் திரும்ப விழுங்குகிறானா? அப்படியானால் எழுப்பி, விளக்கடித்து வாயைப் பாருங்கள். வாந்தி கரும்பழுப்பாக இருந்தால் விழுங்கிய இரத்தமாக இருக்கலாம். செக்கச் சிவந்த இரத்தம் வந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து, முன்னால் சாயச்செய்து, துப்பச் சொல்லுங்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பதில் (ஒரு தந்தை):
எங்கள் மகளுக்கு எச்சிலில் சிவப்பு தெரிந்தது, கிளம்புவதற்குள் நின்றுவிட்டது. போகவா வேண்டாமா என்று தயங்கினோம், போனோம். தொண்டையில் இரத்தக்கட்டி இருந்தது. இரவு முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். நின்றுவிட்டது என்று தயவுசெய்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. என் அண்ணனுக்குப் பல் பிடுங்கியபோது நெடுநேரம் இரத்தம் நிற்கவில்லை. இதையும் சொல்ல வேண்டுமா?

பதில் (இரவுப் பணிச் செவிலியர்):
இன்றே சொல்லுங்கள் அம்மா, அறுவைக்கு முதல் நாள்வரை வைத்திருக்காதீர்கள். வான் வில்லிபிராண்ட் போன்ற பரம்பரை இரத்தக்கசிவு நோய்கள் வழக்கமான இரத்தப் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். குடும்பத்தில் இப்படி இருந்தது என்று தெரிந்தால் மருத்துவர் தனிப் பரிசோதனை எழுதுவார். பையனுக்கு எளிதில் கன்றிப்போகுமா, மூக்கில் இரத்தம் வருமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.