கடைசி வரிசைக் குறும்புகள் உடனே பிடிபடுவது ஏன்?

கேள்வி: உயர்நிலைப் பள்ளியில் கடைசி வரிசையில் அமர்ந்து, பாடநூலுக்குள் கதைப்புத்தகத்தை ஒளித்துவைத்துப் படிப்பவர்களை ஆசிரியர்கள் எவ்வாறு இவ்வளவு எளிதில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்?

மறுமொழி 1: கணக்குப் பாடநூலைப் பார்த்து ஒருவர் புன்னகைத்தால், அதைவிடப் பெரிய சாட்சியம் வேண்டுமா?

மறுமொழி 2: நின்றுகொண்டிருப்பவருக்கு அமர்ந்திருப்போரின் மடியும் நன்றாகவே தெரியும். மேலும், எல்லாத் தலைகளும் கரும்பலகையை நோக்கி நிமிர்ந்திருக்கையில் ஒன்று மட்டும் குனிந்திருப்பது, குற்றத்தை மறைப்பதற்குப் பதிலாக அதற்கான அறிவிப்புப் பலகையாகவே அமைந்துவிடுகிறது.

மறுமொழி 3: விளைவுகளை எடைபோட்டுத் தன்னைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி ஏறத்தாழ 25 வயதுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது; நண்பர்கள் அருகில் இருந்தால் பதின்வயதினரின் துணிச்சல் கூடுவதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, சிரிப்பை அடக்க முடியாமல் காட்டிக்கொடுத்த பக்கத்து இருக்கைக்காரரையும் சேர்த்து விசாரிப்பதே முறை. (பெரும்பாலும் திட்டம் தீட்டியவரே அவர்தான்.)